மகரத்தில் எட்டுக் கிரகம்

சாதகம் கணிக்கும் புரோகிராம் ஒன்றைத் தானே எழுதியதாகச் சொல்லி யாராவது காட்ட வந்தால், அதன் கணிதத்தை நான் முதலில் பார்ப்பதில்லை. 1962 பெப்ரவரி 4, காலை ஆறு மணி, கண்டி என்று பதிந்து அச்செடுத்துத் தரச் சொல்வேன். அன்றைக்குச் சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி ஆகிய ஏழும் கேதுவோடு சேர்ந்து மகர ராசியில் கூடியிருந்தன. அஷ்டகிரகச் சேர்க்கை என்று அதற்குப் பெயர். உலகம் அழியப்போகிறது என்று பயந்து இந்தியாவில் ஊர் ஊராக யாகம் வளர்த்தார்கள். உலகத்துக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் ராசிச் சக்கரத்தை அச்சடிக்கும் புரோகிராம்களுக்கு அன்று பிறந்தவர்கள் இன்றும் கண்டம்தான். விடியற்காலை என்பதால் லக்கினமும் மகரத்திலேயே விழும். ராகு கடகத்தில் தனியே நிற்க, மகரக் கட்டத்துக்குள் மட்டும் ஒன்பது பெயர்கள். மற்றப் பத்துக் கட்டமும் வெறுமை.

இந்த ஒரு தாளைப் பார்த்தாலே எழுதியவரின் குணம் தெரிந்துவிடும். நமது சக்கரத்தில் மகரம் இடப்பக்கம், மேலிருந்து மூன்றாவது கட்டம். அதற்கு வலப்புறம் நடுவெளி, கீழே தனுசு. கவனமில்லாதவரின் புரோகிராமில் பெயர்கள் வலப்பக்கம் வழிந்து, 'இராசி' என்று எழுதியிருக்கும் நடுவெளிக்குள் போய் நிற்கும். அது அசிங்கம் மட்டுமே. கீழ்ப்பக்கம் வழிந்தால் ஆபத்து, ஏனென்றால் சனி தனுசில் இருப்பதாகச் சோதிடர் வாசித்துவிடுவார். இன்னொரு வகை இருக்கிறது, நான் மன்னிக்காத வகை. இடம் போதாத பெயர்களைச் சத்தமில்லாமல் வெட்டிவிடும். கட்டம் கோணாமல் அழகாக இருக்கும், சனீஸ்வரன்தான் இருக்கமாட்டார். சிலர் எல்லாக் கட்டத்தின் எழுத்தையும் சேர்த்துச் சிறிதாக்குவார்கள், ஒரு வீட்டுக் கூட்டத்துக்காக ஊரையே குறுக்குவது போல. நல்ல கை என்ன செய்யும் என்றால், அந்த ஒரு கட்டத்தில் மட்டும் எழுத்தைக் கொஞ்சம் இறக்கி, இரண்டு வரிசையாக, பாகை ஏறும் ஒழுங்கில் பெயர்களை அடுக்கும். சதுரம் சதுரமாகவே இருக்கும். பார்த்தவுடன் கண் மகரத்துக்குப் போகும், போகவும் வேண்டும்.

பொழுதுபோக்காகப் புரோகிராம் எழுதுகிறவர்களின் கைத்திறனைத் திரையில் அளப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. திரையில் உருட்டலாம், பெரிதாக்கலாம், பிழைத்தால் மூடிவிட்டுத் திறக்கலாம். தாளுக்கு நான்கு விளிம்பு இருக்கிறது. எங்கே வரி முறிய வேண்டும், எங்கே பக்கம் முடிய வேண்டும், எது பெரிது, எது சிறிது என்பதை எழுதியவர் அச்சடிப்பதற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும். கணக்கு எல்லாருக்கும் ஒன்றுதான், புத்தகம் பார்த்துப் போடலாம். எழுத்தை ஒழுங்குபடுத்தி அச்சுக்கு அனுப்பும் பகுதியில்தான் ஆள் தெரிகிறார்.

உலகத்திலும் இந்த அச்சுக் கலை வீட்டில் இருந்து புரோகிராம் எழுதியவர்கள் வளர்த்ததுதான். 1976இல் மைக்கேல் ஷ்ரேயர் என்ற அமெரிக்கர், சினிமாத் துறையில் இருந்தவர், தான் எழுதிய புரோகிராமுக்கு விளக்கக் குறிப்பு அடிப்பதற்காக 'எலெக்ட்ரிக் பென்சில்' என்ற ஒன்றை எழுதினார். சிறிய கணினிகளுக்கு வந்த முதல் சொற்செயலி அதுதான். கணினிக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று என்று மாற்றி மாற்றி அவர் 78 வடிவங்கள் எழுத வேண்டியிருந்தது. இன்றைக்கு அச்சுப் பொத்தானை அழுத்துகிறவர்களுக்கு இந்த எண் விளங்காது. ஒவ்வொரு பிரிண்டரும் அப்போது ஒவ்வொரு பாஷை பேசியது. தடித்த எழுத்துக்கு ஒன்று ஒரு குறி கேட்கும், மற்றது வேறு குறி கேட்கும், மூன்றாவது அதே இடத்தில் இரண்டு தடவை அடிக்கச் சொல்லும்.

தமிழுக்கு இந்தச் சிக்கல் கணினிக்கு முன்பே வந்துவிட்டது. யாழ்ப்பாணம் சுண்டிக்குளியில் பிறந்து மலாயா, சிங்கப்பூர் பக்கம் போன ஆர். முத்தையா தமிழ்த் தட்டச்சு இயந்திரத்துக்கு விசைப்பலகை அமைத்தபோது, அத்தனை எழுத்தையும் ஒரு பலகைக்குள் எப்படி அடைப்பது என்பதுதான் கேள்வி. அவர் கண்டது நகரா விசை. புள்ளியையோ விசிறியையோ அடித்தால் வண்டி நகராது, அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து பொருந்தும். ஜெர்மனியில் செய்து வந்த 'பிஜூ' இயந்திரங்களில் அது ஓடியது. இன்றைக்குத் தமிழ் எழுத்துரு செய்கிறவர், அகலமே இல்லாத குறியாகப் புள்ளியைச் செய்து எழுத்தின் மேல் ஏற்றும்போது, தெரிந்தோ தெரியாமலோ முத்தையாவின் விசையைத்தான் திரும்பச் செய்கிறார்.

எனக்கு மிகவும் பிடித்த காலம் டொட் மெட்ரிக்ஸ் காலம். அதற்குக் காரணம் பழமைப் பாசம் அல்ல, அங்கேதான் கைவினைஞன் எழுத்தோடு நேருக்கு நேர் நின்றான். எப்சன் எம்எக்ஸ்-80 போன்ற பிரிண்டருக்கு ஆங்கில எழுத்து அதன் வயிற்றுக்குள்ளேயே இருந்தது, தமிழ் கிடையாது. தமிழ் வேண்டுமென்றால் எழுத்தாக அனுப்ப முடியாது, படமாக அனுப்ப வேண்டும். 27 என்ற எஸ்கேப் குறியைச் சொல்லிப் பிரிண்டரைக் கூப்பிட்டு, படம் வருகிறது, இத்தனை நெடுவரிசை என்று அறிவித்து, பிறகு ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஒரு எண் கொடுக்க வேண்டும். மேல் ஊசிக்கு 128, அடுத்ததற்கு 64, அப்படியே பாதி பாதியாக இறங்கிக் கீழ் ஊசிக்கு 1. எந்த ஊசி குத்த வேண்டுமோ அவற்றைக் கூட்டினால் அந்த நெடுவரிசையின் எண். 'அ' எழுத்தைக் கணக்குக் கொப்பிச் சதுரங்களில் வரைந்து, கறுப்படித்த சதுரங்களைக் கூட்டி, அந்த எண்களை பேசிக் மொழியில் வரி வரியாக எழுதுவார்கள். ஓர் எழுத்துரு முழுக்கக் கையால் அப்படி உருவாகும்.

எட்டுப் புள்ளி உயரத்தில் தமிழ் நிற்காது என்பது முதல் நாளே தெரிந்துவிடும். மேலே புள்ளியும் விசிறியும் இருக்கிறது, கீழே உகர ஊகாரக் கொக்கி இருக்கிறது, நடுவில் உடம்பு. ஆகவே ஒரு வரியை இரண்டு கீற்றாக அடிக்க வேண்டும், தலை ஒரு தடவை, கால் ஒரு தடவை. பிரிண்டர் வழக்கமாக ஒரு வரிக்கு அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு தாளை நகர்த்தும், அதாவது 72இல் 12 பங்கு. ஊசிகளின் உயரமோ 72இல் 8 பங்கு. அந்த வித்தியாசத்தைத் திருத்த மறந்தவர்களின் அச்சில் ஒவ்வொரு எழுத்தின் இடுப்பிலும் ஒரு வெள்ளைக் கோடு ஓடும். திருத்தியவர்களின் அச்சில் இரண்டு கீற்றும் சேர்ந்த இடம் தெரியாது. விரலால் தடவிப் பார்த்தால் தாளின் பின்பக்கம் ஊசிக் குத்து மட்டும் தட்டுப்படும்.

இங்கேதான் சாதகப் புரோகிராமுக்கே உரிய ஒரு சோதனை வருகிறது. கட்டத்துக்குள் கிரகங்களின் பெயரைச் சுருக்கித்தான் போட வேண்டும். சூரியனுக்குச் 'சூ', சுக்கிரனுக்குச் 'சு' என்று போடுவது கைவழக்கம். கையெழுத்தில் சரி. பதினாறு புள்ளி உயரத்தில் 'சு'வுக்கும் 'சூ'வுக்கும் இடையே இருப்பது வாலில் இரண்டோ மூன்றோ புள்ளி. ரிபன் பழசானால் அந்த மூன்றும் போய், சூரியன் சுக்கிரனாகிவிடும், கலியாணம் ஒன்று நின்றுபோகும். விஷயம் தெரிந்தவர்கள் 'சூரி', 'சுக்' என்று நீட்டுவார்கள். சந்திரனுக்கும் சனிக்கும் அதே தொல்லை, 'சந்', 'சனி'. இன்னும் நுட்பமானவர்கள் சுக்கிரனை விட்டுவிட்டு 'வெள்' என்று போடுவார்கள், குருவுக்கு 'வியா'. பெயரை எப்படிச் சுருக்குவது என்பது வெறும் இடப் பிரச்சினை மாதிரித் தெரியும். எதைத் தவறாக வாசிக்கக்கூடும் என்று முன்கூட்டியே யோசித்த ஒருவர் அதற்குள் இருக்கிறார்.

தாளின் நீளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அமெரிக்காவிலிருந்து வந்த மாதிரிகளைப் பார்த்து எழுதியவர்கள் பக்கத்துக்கு 66 வரி என்று எண்ணினார்கள். பதினொரு அங்குலத் தாளுக்கு, அங்குலத்துக்கு ஆறு வரியாக, அந்தக் கணக்குச் சரி. நமக்குக் கிடைப்பது ஏ4, அதில் 70 வரி. பக்கத்துக்கு நான்கு வரி வீதம் தலைப்பு மேலேறிக்கொண்டே போய், ஐந்தாம் பக்கத்தில் பாதம் இருக்க வேண்டிய இடத்துக்குக் கிட்டே முகம் தெரியும். வரியை எண்ணாமல், பக்கத்தைத் தள்ளும் குறியைப் பிரிண்டருக்கு அனுப்பிவிட்டுச் சும்மா இருந்தவர்கள் தப்பினார்கள்.

பிறகு விண்டோஸ் வந்தது. பிரிண்டரின் பாஷையை இயக்குதளம் பேசும், நமக்கு வேண்டியது ஒரு பொண்ட், ஒரு இடம், ஒரு சொல். விஷுவல் பேசிக்கில் பிரிண்டர் என்பது ஒரு பொருள், அதற்கு இத்தனை தள்ளி, இத்தனை இறக்கி, இதை எழுது என்று சொன்னால் போதும். அளவுக்கு 'ட்விப்', ஓர் அங்குலத்துக்கு 1,440. கண்டிப் பக்கத்தில் இந்தக் காலத்தில் எழுதப்பட்ட சாதகப் புரோகிராமோ, கோவில் உபயப் பற்றுச்சீட்டுப் புரோகிராமோ எதைத் திறந்தாலும் உள்ளே ஒரு பெயர் நிச்சயம் இருக்கும்: பாமினி.

பாமினி எழுத்துருவை ஏளனம் செய்வது இப்போது நாகரிகம். நான் செய்யமாட்டேன். அதில் தமிழ் என்று அடிக்க ஆங்கிலத்தின் ஜே, கே, பி, ஓ ஆகிய விசைகளையும் அரைப்புள்ளியையும் அழுத்த வேண்டும். பொண்ட் இல்லாத கணினியில் திறந்தால் அந்த ஐந்தும் அப்படியே ஆங்கிலமாகக் கிடக்கும். ஆனால் ஒரு பெரிய வசதி அதில் இருந்தது. தட்டச்சு இயந்திரத்தைப் போல, கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே எழுத்துகள் சேமிக்கப்பட்டன. 'கொ' என்றால் முதலில் ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு கால். புரோகிராமுக்குத் தமிழ் தெரியத் தேவையில்லை, இடமிருந்து வலமாக ஒன்றன் பின் ஒன்றாக வைத்தால் போதும். விஷுவல் பேசிக்கின் பழைய பெட்டிகளில் யூனிகோட் தமிழைப் போட்டால் வரிசையாகக் கேள்விக்குறிதான் வரும், பாமினி போட்டால் அச்சு வரும். பேஜ்மேக்கரிலும் அதே கதை. கலியாணத்துக்கு நாள் குறித்தபின் அழைப்பிதழ் அடிக்க வருகிறவரிடம் குறியேற்றத் தத்துவம் பேச முடியாது. பேராதனை வீதியிலும் திருகோணமலை வீதியிலும் டைப்செட்டிங் செய்கிறவர்கள் பாமினியை விடாததற்குச் சோம்பல் காரணமல்ல, அது ஒருநாளும் அவர்களைக் கைவிட்டதில்லை.

யூனிகோட்டில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் சேமிக்கப்படுகிறது, முன்னால் காட்டப்படுகிறது. 'கொ' என்பது சேமிப்பில் க, அதன்பின் ஒகரக் குறி. அந்தக் குறியை இரண்டாகப் பிளந்து, பாதியை முன்னுக்கும் பாதியைப் பின்னுக்கும் வைப்பது வரைகிறவரின் வேலை. இதை அறியாமல் எழுத்தெழுத்தாக வரைந்த புரோகிராம் என்ன செய்யும் என்று ஆயிரம் பீடிஎஃப்களில் பார்த்துவிட்டோம்: கொம்பு தன் எழுத்தை விட்டுவிட்டு அடுத்த எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும், அல்லது புள்ளிகளாலான ஒரு வட்டத்தைச் சுமந்துகொண்டு தனியே நிற்கும். திரையில் இந்தப் பிழை வராது, திரையை இயக்குதளம் பார்த்துக்கொள்கிறது. பீடிஎஃப் உருவாக்கும் சின்ன நூலகங்கள் பலவற்றுக்கு எழுத்தைக் கோக்கத் தெரியாது, அதனால் அச்சில் மட்டும் வரும். சரியாகச் செய்ய விரும்புகிறவருக்கு ஹார்ஃப்பஸ் என்ற திறமூல நூலகம் இருக்கிறது. எந்தக் குறி எங்கே போக வேண்டும் என்பதை அது சொல்லிவிடும். அச்சுக்கென்று தனிப் பாதை வெட்டாமல், பக்கத்தை எச்டிஎம்எல் ஆக்கி உலாவியிடமே அச்சடிக்கக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. சிலர் அதை ஏமாற்று வேலை என்பார்கள். எனக்கு அது அடக்கமாகப் படுகிறது. தனக்குத் தெரியாததைத் தெரிந்தவனிடம் ஒப்படைத்துவிட்டு, அவர் தன் கவனத்தைக் கட்டத்துக்கும் ஓரத்துக்கும் வைத்துக்கொள்கிறார்.

பலன் எழுதும் பகுதிக்கு வந்தால் வேறொரு கலை தொடங்குகிறது. சாதகக் குறிப்பின் பின்பக்கங்களில் நீண்ட பந்திகள் வரும். தமிழ்ச் சொற்கள் நீளம், சோதிடத் தமிழில் இன்னும் நீளம். இரண்டு பக்கமும் வரி சமமாக நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, குறுகலான பத்தியில் 'பூர்வபுண்ணியஸ்தானாதிபதி'யைப் போட்டுப் பாருங்கள். முந்தின வரியில் மூன்று சொல் ஒன்றையொன்று பார்க்க முடியாத தூரத்தில் நிற்கும். பழைய ஈயவெழுத்துக் கோப்பாளர்களுக்கு இதற்கு வழி தெரியும். தமிழில் சொல்லை எந்த எழுத்தின் பின்னும் முறிக்கலாம், ஆனால் புள்ளி வைத்த எழுத்து வரியின் தலையில் வரக்கூடாது. உயிர்மெய்யைப் பிளக்கவே கூடாது. இவ்வளவுதான் சட்டம். டெக் எழுத்துக்கோப்பு மென்பொருளில் உள்ள இந்திய மொழிகளின் சொல்முறிப்பு விதிகளை எழுதிய சந்தோஷ் தோட்டிங்கல் தமிழுக்கும் எழுதினார், அதன் சாரமும் இதுதான். கோப்பாளர் கையில் இருந்த பழக்கம் ஒரு சின்னக் கோப்புக்குள் போய் அமர்ந்துகொண்டது. அதைச் சேர்த்துக்கொண்ட வீட்டுப் புரோகிராம்களை நான் கண்டதும் மனசுக்குள் ஒரு வணக்கம் வைப்பேன். முடியாதவர்கள் வலப்பக்கத்தைக் கிழிந்த விளிம்பாக விட்டுவிடலாம், அதில் ஒரு குறைவுமில்லை. சமமாக நிறுத்தத் தெரியாமல் சமமாக நிறுத்துவதுதான் குறை.

நிறுத்தற்குறியிலும் ஆளைக் கண்டுபிடிக்கலாம். அரைப்புள்ளிக்கு முன்னால் இடைவெளி விடுகிறாரா, அடைப்புக்குறி வரியின் கடைசியில் அநாதையாக நிற்கிறதா என்று பார்ப்பேன். பேராதனையில் பொறியியல் பேராசிரியராக இருந்த கவிஞர் சி. சிவசேகரம் தமிழின் தரிப்புக்குறிகளைப் பற்றித் தனியாக ஒரு புத்தகமே எழுதியிருக்கிறார். பொறியியல் படித்தவர் எழுத வேண்டிய புத்தகந்தான் அது. புரோகிராம் எழுதும் பேராதனைப் பிள்ளைகள் அதைப் புரட்டிப் பார்த்தால் நல்லது.

தசாபுத்தி அட்டவணையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. விம்சோத்தரி தசை 120 வருடம், ஒன்பது தசை, ஒவ்வொன்றுக்குள்ளும் ஒன்பது புத்தி, ஆக 81 வரி. ஏ4 தாளில் 70 வரிதான். நேரே கொட்டிவிட்டால் பதினொரு வரி அடுத்த பக்கத்தில் போய் விழும், அதுவும் ஏதோவொரு தசையின் நடுவயிற்றில் வெட்டி. அந்தத் தசைக்காரர் பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். அழகான தீர்வு ஒன்று இருக்கிறது, எண்களிலேயே அது ஒளிந்திருக்கிறது. ஒன்பது தசையை மூன்றுக்கு மூன்று சிறு பெட்டிகளாக வைத்தால், பெட்டிக்குத் தலைப்பு ஒன்று, புத்தி ஒன்பது, இடைவெளி ஒன்று. முப்பத்து மூன்று வரியில் ஒரு மனிதனின் 120 வருடமும் அடங்கிவிடும், பக்கத்தில் பாதி மிச்சம். இதை முதலில் யார் கண்டாரோ தெரியாது, அவர் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருக்கிறது.

இதெல்லாம் எந்த ஊருக்கும் பொருந்தும். கண்டியில் எழுதுகிறவருக்கு இன்னும் இரண்டு கட்டு உண்டு. நம்முடைய சக்கரம் நான்குக்கு நான்காக வெட்டி நடுவை வெறுமையாக விட்ட சதுரம், பன்னிரண்டும் சம கட்டம். சிங்களவர் வரையும் கேந்திரம் வேறு மாதிரி: மூன்றுக்கு மூன்று, மூலைக் கட்டங்களைக் குறுக்குக் கோடு போட்டு இரண்டிரண்டு முக்கோணமாகப் பிளந்திருக்கும். அயல்வீட்டுக்காரரின் மகனுக்கும் இதே புரோகிராமில் பார்க்க வேண்டும் என்றால், பெயர்களை முக்கோணத்துக்குள் அடுக்க வேண்டும். சதுரத்துக்குள் அடுக்குவது குழந்தை விளையாட்டு. முக்கோணத்தில் மேல்வரி நீளம், அடுத்தது குறைவு, அடுத்தது இன்னும் குறைவு, கூம்பில் ஓர் எழுத்துக்குக்கூட இடமில்லை. முக்கோணத்திலும் அந்த எட்டுக் கிரகத்தைச் சிந்தாமல் நிறுத்திய ஒரு தாளை நான் வைத்திருக்கிறேன். பெயர்களைக் கோட்டுக்குச் சமாந்தரமாகச் சாய்க்கும் சபலத்துக்கு ஆளாகாமல் செய்திருந்தார் என்பதுதான் அதில் மேலான விஷயம்.

தலைப்பை மூன்று மொழியில் போடும்போது அடுத்த கட்டு. சிங்கள எழுத்தின் தலைக்குறியும் கால்குறியும் தமிழைவிட உயரமாகவும் ஆழமாகவும் போகும். ஒரே புள்ளி அளவில் இரண்டையும் வைத்தால் தமிழ் தடித்துப் பெருத்தும் சிங்களம் ஒடுங்கியும் தெரியும். வரி இடைவெளியைத் தமிழுக்கு அளந்தால் சிங்களத்தின் கால் கீழ்வரியின் தலையில் மிதிக்கும். இதற்குச் சூத்திரம் கிடையாது. அச்செடுத்து, சுவரில் ஒட்டி, தள்ளி நின்று பார்த்துத்தான் திருத்த வேண்டும். நாட்டுத் திணைக்களப் படிவங்களே இதில் தடுமாறும்போது, ஒரு வீட்டுப் புரோகிராம் சரியாகச் செய்திருந்தால் அதைக் கொண்டாட வேண்டாமா?

அதே தலைப்பில் நான் தேடும் இன்னொரு சின்ன வரி உண்டு. இலங்கையின் நேரம் 1996 மே மாதம் ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் அரை மணி பின்னுக்கு வந்தது. 2006 ஏப்ரலில்தான் பழைய ஐந்தரைக்குத் திரும்பியது. அந்தப் பத்து வருடத்தில் பிறந்த பிள்ளைக்குக் குறிப்பு எழுதினால் எந்தக் கணக்கில் நேரம் எடுத்தோம் என்று சொல்லியாக வேண்டும். நல்ல புரோகிராம் பிறந்த நேரத்துக்குக் கீழே, சிறிய எழுத்தில், 'கிறீன்விச் + 6.00' என்று ஒரு வரி அச்சடிக்கும். வாசிக்கிறவருக்கு எரிச்சல் தராத அளவு சிறிது, தேடுகிறவருக்குக் கிடைக்கும் அளவு பெரிது.

சாதகத்தோடு மட்டும் இந்த அச்சுக் கலையை முடிச்சுப் போடுவதாக யாரும் நினைக்கக்கூடாது. பதிவுகளாக இருப்பதைப் பக்கங்களாக மாற்றுவதுதான் இதன் உயிர், அதில் கண்டிக்கு வேறு பேரும் உண்டு. கண்டிக்கு அருகே உடத்தலவின்னையில் இருந்து பீ.எம். புன்னியாமீன் தன் சிந்தனை வட்டம் மூலம் நூற்றுக்கணக்கில் புத்தகம் கொண்டுவந்தார். அவற்றில் இலங்கை எழுத்தாளர், ஊடகவியலாளர், கலைஞர்களின் விபரத்திரட்டுத் தொகுதிகளை எடுத்துப் பாருங்கள். ஒருவருக்கு ஒரு பதிவு, பதிவுக்குப் பதிவு நீளம் வேறு, ஒருவருக்குப் பத்துப் புத்தகம், ஒருவருக்கு ஒன்று. என். செல்வராஜா இங்கிலாந்தில் இருந்து தொகுத்த 'நூல்தேட்டம்' என்ற நூற்பட்டியலிலும் தொகுதிக்கு ஆயிரம் நூல், அதே சவால். மருத்துவரான தி. ஞானசேகரன் 2000 ஜூனில் கண்டியிலிருந்து தொடங்கிய 'ஞானம்' சஞ்சிகையை மாதாமாதம் பக்கமாகக் கோத்தவர்களும் அதே விளிம்புகளோடுதான் மல்லுக்கட்டியிருப்பார்கள்.

இப்போது நகரத்துக் கடைகளில் தரும் ரசீதைக் கவனிக்கிறீர்களா? எண்பது மில்லிமீற்றர் வெப்பத் தாள், மை கிடையாது, குறுக்கே 576 புள்ளி. அந்தக் குட்டிப் பிரிண்டர்கள் பலவற்றின் வயிற்றில் தமிழ் இல்லை. ஆகவே தமிழில் பில் வேண்டும் என்கிற கடைக்காரருக்கு, எழுதுகிறவர் சொல்லைப் படமாக வரைந்து, 8 புள்ளிக்கு ஒரு பைட்டாகக் கட்டி அனுப்புகிறார். முன்னால் ஒரு கட்டளைக் குறி, பிறகு அகலம், பிறகு உயரம். எம்எக்ஸ்-80இன் பேரப்பிள்ளை இது. பரம்பரைப் பழக்கம் மாறவில்லை, கணக்குக் கொப்பிதான் போய்விட்டது. பருப்பும் கருவாடும் வாங்கிய சீட்டில் 'கொத்தமல்லி'யின் கொம்பு ஒழுங்கான இடத்தில் நின்றால், பின்னால் ஒருவர் இரண்டு இரவாவது கண்விழித்திருக்கிறார் என்று அர்த்தம். ஆனால் வெப்பத் தாள் வெயிலில் வெளுக்கும், சாதகத்துக்கு உதவாது.

சாதகத் தாளுக்கு என்று ஓரம் விடுவதில் ஒரு கணக்கு இருக்கிறது, அதை எந்தக் கைநூலிலும் காணமாட்டீர்கள். அச்சடித்த குறிப்பை வீட்டார் நேரே பெட்டிக்குள் வைப்பதில்லை. நான்கு மூலையிலும் மஞ்சள் தொட்டு, கண்டிக் கட்டுக்கலைக் கோவில் பிள்ளையார் காலடியிலோ வீட்டுச் சாமிப்படத்தின் முன்னோ வைத்துத்தான் எடுப்பார்கள். நனைத்த மஞ்சள். இங்க்ஜெட் மையில் அது பட்டால் மூலையில் இருக்கும் மீனமும் மிதுனமும் கரைந்து ஓடிவிடும். லேசர் தாங்கும். டொட் மெட்ரிக்ஸ் ரிபனின் மை எண்ணெய் கலந்தது, அதற்கு மஞ்சள் ஒரு பொருட்டே அல்ல. சில சோதிடர்கள் ஊசி பிரிண்டரை இன்னும் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அது தெரிந்த புரோகிராம்காரர்கள் பிள்ளையார் சுழியை மேலே நடுவில் வைத்துவிட்டு, நான்கு மூலையிலும் ஒரு விரல்நுனி அளவு இடத்தில் எந்த எழுத்தும் கோடும் வராமல் பார்த்துக்கொள்கிறார்கள். பிரிண்டர் எவ்வளவு ஓரம் கேட்டாலும் அந்த விரல்நுனி தனி.